தீம் பார்க்கில் மாற்றுத்திறனாளி பாஸ்: யாருக்குக் கொடுப்பது, யார் சோதிப்பது?

காரைக்குடித் தாய்
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், இங்கே எழுதினால் நாலு பேர் யோசனை சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம். மே மாத விடுமுறையில் ஒரு தீம் பார்க்குக்கு அழைத்துப் போனோம். எந்தப் பார்க் என்று எழுதப் போவதில்லை. அவர்கள் பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை. ஒரு குறிப்பிட்ட ரைடின் வீடியோவை அவன் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நிறப் பெட்டி முதலில் வரும், எந்த வளைவில் சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

வரிசையில் இரும்புக் கம்பித் தடுப்பு. கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவது அவன் வழக்கம். எண்ணி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டால் எண்ணிக்கை அறுந்துவிடும். திரும்பிப் போய் முதல் கம்பியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது முறை திரும்பியபோது பின்னால் நின்ற ஒருவர், "பிள்ளையை அடக்கி வையுங்கம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் வெயிலில்தான் நின்றார். ஆனால் அதற்குள் இவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையால் தாடையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டான்.

அவனைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போய், வரிசையில் நிற்காமல் போக மாற்றுத்திறனாளி பாஸ் கேட்டு, அரசு தருகிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடியைக் காட்டினேன். அங்கிருந்த பையன் அட்டையைப் பார்க்கவே இல்லை, என் மகனின் காலைப் பார்த்தான். "நல்லாத்தானே நடக்கிறான்? வீல்சேர்ல வர்றவங்களுக்கு மட்டும்தான்" என்றான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. வாசலில் வாடகைக்கு எடுத்த வீல்சேரில் ஒரு பாட்டி, கூடப் பதினோரு பேர். அவர்களைப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே விட்டார்கள். ரைடு வாசலில் பாட்டி எழுந்து தானாக நடந்து போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் ஏறினார்கள். அடுத்த ரைடுக்கு மறுபடியும் பாட்டி நாற்காலியில். அவருக்கு முழங்கால் வலி இருக்கும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு ரைடிலும் ஏறவில்லை.

நாங்கள் எதிலும் ஏறாமல் திரும்பிவிட்டோம். இப்படிப்பட்ட பாஸை யாருக்குத் தர வேண்டும், எப்படித் தர வேண்டும்?

கானாடுகாத்தான் தம்பி
ஆச்சி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. இருந்தாலும் எதிர்ப்பக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

போன வருடம் மூன்று வயதுக் குழந்தையோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். நானும் அதே டிக்கெட்தான் வாங்கினேன். எனக்கு முன்னால் பக்கத்துக் கதவு வழியாகப் போகிறவர்களில் யார் உண்மை, யார் பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத குறைபாடு என்றால் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமே? இது போதாதென்று கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. ஆக, பணம் இருப்பவனும் போகிறான், சாமர்த்தியம் இருப்பவனும் போகிறான், சும்மா நிற்பவன் நின்றுகொண்டே இருக்கிறான். பாஸ் கொடுக்கட்டும், ஆனால் கறாராகச் சோதித்துக் கொடுக்கட்டும்.

தேவகோட்டை வாசகர்
தம்பி, "கறாராகச் சோதித்து" என்று எழுதியிருக்கிறீர்கள். சோதனை என்றால் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன்.

எனக்கு வயது 58. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம். இடது காலில் இடுப்பு வரை காலிப்பர், காலைத் தாங்குகிற கம்பிக் கருவி. வேட்டி கட்டினால் வெளியே தெரியாது, நடையில் ஒரு சாய்வு மட்டும் இருக்கும். ஒரு பொருட்காட்சியில் ராட்டினத்துக்குப் பேரனோடு போனேன். மாற்றுத்திறனாளி வழியில் நின்றவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "அட்டை யார் வேணாலும் வாங்கலாம், காலைக் காட்டுங்க" என்றார். பேரன் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பின்னால் இருபது, இருபத்தைந்து பேர். நான் வேட்டியைத் தொடை வரை தூக்கிக் காட்டினேன். தோல் வார், பக்கவாட்டுக் கம்பி, முழங்கால் பூட்டு எல்லாவற்றையும் பார்த்தார். "சரி, போங்க" என்றார். பேரன் அன்றைக்கு ராட்டினத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்? எனக்கு முன்னால் யாரோ ஒருவர் அவரை ஏமாற்றியிருக்கிறார். பொய் சொல்லிப் போகிறவன் என் இடத்தை எடுத்துக்கொள்வதைக் கூட நான் தாங்கிக்கொள்வேன். என் பேச்சின் மேல் இருந்த நம்பிக்கையையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இன்னொரு விஷயம். 1995ல் வந்த சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைதான் இருந்தது. ஆட்டிசம் அந்தப் பட்டியலில் இல்லை. 2016 சட்டத்தில்தான் அது 21 வகை ஆனது, ஆட்டிசமும் சேர்ந்தது. சட்டம் மாறிவிட்டது, ஆனால் கவுன்டரில் நிற்கிற பையன் மனதில் இன்னும் வீல்சேர் படம் மட்டும்தான் இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 91ஆம் பிரிவைப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டிக்க வழி இருக்கிறது. ஏமாற்றியவனைப் பிடிப்பதை விட்டுவிட்டு, வருகிற எல்லோருடைய காலையும் பார்ப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆர்லாண்டோ நகரத்தார்
சொந்த ஊர் கொத்தமங்கலம், இப்போது ஃபுளோரிடாவில் வேலை. டிஸ்னி வேர்ல்டு என்ற பெரிய தீம் பார்க் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம். இந்தச் சண்டை இங்கே பல வருடமாக நடக்கிறது. அதன் கதையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்பு இங்கே ஓர் அட்டை கொடுப்பார்கள். அதைக் காட்டினால் பல ரைடுகளில் வேறு வாசல் வழியாக, அதிகம் காத்திராமல் போகலாம். சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை, வாய்ச்சொல்தான். 2013 மே மாதம் ஒரு நியூயார்க் பத்திரிகையில் செய்தி வந்தது: மன்ஹாட்டனின் பணக்காரக் குடும்பங்கள் சில, ஊனமுற்ற ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து 'உறவினர்' மாதிரி கூட அழைத்துப் போய் வரிசையைத் தாண்டுகின்றன என்று. அந்த ஆண்டு அக்டோபரில் டிஸ்னி பழைய அட்டையை நிறுத்திவிட்டு 'டாஸ்' (டிசபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்) என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

முக்கியமான மாற்றம் இதுதான்: டாஸ் வைத்திருந்தாலும் உடனே போக முடியாது. சாதாரண வரிசையில் 60 நிமிடம் என்றால், ஏறக்குறைய 60 நிமிடம் கழித்து வரச் சொல்லி ஒரு நேரம் தருவார்கள். அதுவரை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம், கழிப்பறைக்குப் போய் வரலாம். நேரம் மிச்சமாகாது, கம்பிகளுக்கு நடுவே நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இதுவும் எல்லோருக்கும் போதவில்லை. ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் தாய் வழக்குத் தொடுத்தார். அவர் மகனால் காத்திருக்கவே முடியாது, ரைடுகளையும் ஒரே ஒழுங்கில்தான் போவார். 2020ல் நீதிபதி டிஸ்னி பக்கம் தீர்ப்புச் சொன்னார். கேட்ட மாதிரி உடனடி நுழைவு கொடுத்தால் பார்க் நடக்கிற முறையே அடியோடு மாறிவிடும் என்பது காரணம்.

அப்புறம் 2024. மே மாதம் இங்கேயும், ஜூனில் கலிபோர்னியாவிலும் டாஸை இறுக்கிவிட்டார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு காரணமாக நெடுநேரம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் என்றார்கள். வீடியோ அழைப்பில் நேர்காணல். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே வரத் தடை. இதில் அடிபட்டவர்கள் வேறு சிலர். குடல் நோய் உள்ள ஒரு நண்பர் வருடக்கணக்காக டாஸ் வைத்திருந்தார். அவருக்கு இப்போது கிடைக்கவில்லை. "வரிசையிலிருந்து வெளியே போய்விட்டு உங்கள் குழுவிடம் திரும்பிச் சேர்ந்துகொள்ளலாம்" என்கிறார்கள். அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுகிறவர், நூறு பேரை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, மறுபடி நூறு பேரை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அவர் பார்க்குக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

கானாடுகாத்தான் தம்பி சொன்ன பணக் கதையும் இங்கே உண்டு. 1999லிருந்து வரிசையைத் தாண்டுகிற சீட்டு எல்லோருக்கும் இலவசம். 2021லிருந்து அது காசு. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றை டாஸ் இலவசமாகக் கொடுத்தபோது அதன் மேல் ஆசை கூடிவிட்டது. இது என் கணிப்பு. ஆனால் இங்கே வாழ்ந்து பார்த்ததில் அப்படித்தான் தெரிகிறது.

பள்ளத்தூர் ஆச்சி
இந்த டாஸ் நம்ம ஊரு பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதானே? துண்டு நம்ம இடத்துல இருக்கும், நாம கீழே நின்னு காத்து வாங்கிட்டு வண்டி கிளம்புறப்ப ஏறிக்கலாம். யாரு இடமும் போகலை. அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு போட விட்டா என்ன குறைஞ்சு போகும்?

நான் ஒரு விஷயத்தை ஒளிக்காம சொல்லிடறேன். மகளுக்குப் பிரசவம்னு திருச்சியிலேருந்து சிங்கப்பூர் போனப்ப மகன் எனக்கு ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லி வச்சான். எனக்கு நடக்க முடியும். ஆனா அங்கே எந்த வாசல், எந்த மாடி, என்ன கேப்பாங்கன்னு ஒண்ணும் தெரியாது. இங்கிலீஷ் போர்டு படிக்க வராது. வீல்சேர்ல உட்காந்துட்டா ஒரு பிள்ளை கூடவே வந்து கொண்டு விட்டுடுது. திரும்பி வர்றப்ப எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா நிஜமாவே இடுப்பு உடைஞ்சவங்க, நாற்காலிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தாங்க. என்னைத்தான் முதல்ல தள்ளிட்டுப் போனாங்க. வழி காட்ட ஓர் ஆள் வேணும்னு கேட்டிருக்கலாம். அப்படிக் கேக்கலாம்னே எனக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

புதுவயல் டீச்சர்
ஆச்சி, நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம். தேவை ஒன்று இருக்கிறது, அதற்கான வாசல் இல்லை, அதனால் வேறொருவருடைய வாசல் வழியாகப் போகிறோம். பார்க்கில் வந்த அந்தப் பாட்டிக்கும் இது பொருந்தும். அவருக்கு வேண்டியது நிழலில் ஒரு பெஞ்ச், ரைடுகளுக்கு நடுவே போய்வர ஒரு வண்டி. அது இருந்திருந்தால் குடும்பத்துக்கு வீல்சேரே தேவைப்பட்டிருக்காது.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். காத்திருப்பது என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒரு பாடம். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றால் அவர்களுக்குப் பிடிபடாது. படம் ஒட்டிய அட்டையில் முதலில் தண்ணீர், பிறகு ஊஞ்சல், பிறகு ரைடு என்று காட்டினால் பிடிபடும். மணல் கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் மணல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்கு வகுப்பில் பல மாதம் உழைக்கிறோம். பின்னால் ஆள் இடிக்கிற, தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறுகிற இரும்பு வழியில் அந்தப் பாடம் நிற்காது. வெளியே ஓர் இடத்தில் நிற்கும். அதனால் திரும்பி வர நேரம் கொடுக்கிற ஏற்பாடு என் பிள்ளைகளில் பலருக்குப் போதும். எல்லோருக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். அந்த வழக்கில் வந்த இளைஞர் மாதிரி இருவர் என் வகுப்பில் உண்டு.

ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் பார்த்து, மருத்துவர் கையெழுத்திட்டு, அதன் பிறகுதான் யூடிஐடி வருகிறது. அட்டையில் சதவீதம் இருக்கிறது, கியூஆர் குறியீடும் இருக்கிறது. கவுன்டர் பையன் அட்டையைப் படித்தாலே போதும். காலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கானாடுகாத்தான் தம்பி
தேவகோட்டை அண்ணே, நான் எழுதிய "கறார்" உங்கள் தொடை வரை வரும் என்று நினைக்கவில்லை. மன்னியுங்கள்.

துண்டு உவமையை ஏற்றுக்கொள்கிறேன். என் கோபம் எல்லாம் நான் நிற்கும்போது இன்னொருவர் நிற்காமல் போவதில்தான். அவரும் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார், இடம்தான் வேறு என்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குழந்தைக்கும் அப்படி ஒன்று எல்லோருக்குமாக இருந்தால் நன்றாக இருக்கும், அது வேறு பேச்சு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு அட்டைக்குப் பதினோரு பேர் கூடாது. அட்டைக்காரர் ஏறாத ரைடில் மற்றவர்களுக்கும் அந்த வழி கூடாது.

காரைக்குடித் தாய்
தம்பி, எண்ணிக்கையில் ஒரே ஒரு சிக்கல் சொல்லவா? எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், மகன், மகள், அப்பத்தா. மகள் சின்னவள். அண்ணனுக்காகவே ஒவ்வொரு இடத்திலும் விட்டுக்கொடுத்து வளர்கிறவள். ஒரு அட்டைக்கு நாலு பேர்தான் என்று வைத்தால் யாரை வெளியே நிறுத்துவது? அப்பத்தா தானே நின்றுகொள்வார், தெரியும். இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள் கூட இருக்கிற வீட்டில் என்ன செய்வார்கள்?

ஆர்லாண்டோ நகரத்தார்
இங்கேயும் பொதுவாக நாலு பேர்தான் ஆச்சி. பெரிய குடும்பம் என்றால் கேட்டுப் பார்க்கலாம். அட்டைக்காரர் ஏற வேண்டும் என்ற விதியும் இங்கே உண்டு. அதில் தம்பி சொல்வது நியாயம்தான்.

யூனிவர்சல் பார்க்கில் வேறு வழி. முன்கூட்டியே, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால், இணையத்தில் வெளி அமைப்பு ஒன்றிடம் சான்றோடு பதிவு செய்து அட்டை வாங்க வேண்டும். பார்க் வாசலில் பேச்சு குறைகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு காகித வேலை கூடுகிறது. இணையம் தெரியாதவர்களுக்கு அதுவே ஒரு படிக்கட்டு.

தேவகோட்டை வாசகர்
படிக்கட்டு என்றதும் நம் வீடுகள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் பூர்வீக வீட்டு முகப்புக்கு ஏழு படி. அதன் பிறகு ஒவ்வொரு நிலைப்படியும் முழங்கால் உயரம். கல்யாணத்துக்கு எல்லோரும் உள்முற்றமான வளவுக்குள் போவார்கள், நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, வீடுதான் தடுத்தது. போன வருடம் தங்கை மகன் பலகை அடித்துச் சரிவு போட்டான். அதற்கு யாரும் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. சாமான் மூட்டை ஏற்றுகிறவர்களும் அதிலேயே ஏற்றினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் பயன்படுகிற ஒன்றை யாரும் திருடிக்கொண்டு போக முடியாதல்லவா?

பொய்யர்களால் யாருக்கு நஷ்டம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அணியில் ஆடிய பத்திரிகையாளர் ஒருவரே வெளியே சொல்லிவிட்டார். பதக்கத்தைத் திருப்பி வாங்கினார்கள். அதோடு முடியவில்லை. அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்கள் எல்லோரையும் பாராலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2012 லண்டனில்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள், அதுவும் சில போட்டிகளில் மட்டும். பத்துப் பேர் செய்ததற்கு உலகம் முழுக்க இருந்த பிள்ளைகள் 12 வருடம் வெளியே நின்றார்கள். ஓர் ஓட்டக்காரனுக்கு 12 வருடம் என்றால் அவன் வயதே போய்விட்டது.

பார்க்கிலும் இதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன். நாலு பேர் ஏமாற்றுவார்கள், நிர்வாகம் சலித்துப்போய் "இனி யாருக்கும் கிடையாது" என்று பலகை மாட்டிவிடும்.

புதுவயல் டீச்சர்
அதனால்தான் திரும்பி வரும் நேரம் கொடுப்பது நல்லது என்கிறேன் ஐயா. காலும் காதும் நன்றாக இருக்கிற ஒருவருக்கு அதில் லாபமே இல்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பதற்குப் பதில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரலாம், அவ்வளவுதான். அதற்காக யார் வீல்சேர் வாடகைக்கு எடுப்பார்கள்? சோதனையைக் கூட்டுவதைவிட, திருடினால் பிரயோஜனம் இல்லாதபடி பாஸை அமைப்பது மேல். காத்திருக்கவே முடியாத மிகச் சில பிள்ளைகளுக்கு மட்டும், அட்டையைப் பார்த்து, நாளுக்கு இரண்டு மூன்று ரைடு உடனடியாகக் கொடுக்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி
கூட்டம் குறைச்சலா இருக்கிற ஒரு நாளைப் பார்த்து, காலையில முதல் ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கினாலும் நல்லது. பாட்டும் போடாம. விருந்துல முதல் பந்தியில வயசானவங்களையும் பிள்ளைகளையும் உக்கார வைக்கிறதில்லையா? அதுக்கு யாராவது கோவிச்சுக்கிறாங்களா?

காரைக்குடித் தாய்
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தப் பார்க் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். புகாராக எழுதவில்லை, கோரிக்கையாக எழுதுகிறேன். நீங்கள் சொன்னதில் இவ்வளவும் சேர்த்திருக்கிறேன்: யூடிஐடி அட்டை இருந்தால் எந்த வகைக் குறைபாடு என்றாலும் திரும்பி வரும் நேரம் எழுதிய சீட்டு ஒன்று. அட்டைக்காரர் ஏறும் ரைடுக்கு மட்டும். கூட மூன்று பேர், அதற்கு மேல் கூடப்பிறந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களும். வயதானவர்களுக்கு நிழலும் பெஞ்சும், அது தனியாக. கவுன்டர் ஊழியர்களுக்கு அந்த 21 வகை என்னென்ன என்று ஒரு பக்கத் தாள். ஆச்சி சொன்ன அமைதியான காலை நேரத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், மாதம் ஒரு நாளாவது என்று.

மகன் இன்னும் அந்த வீடியோவைப் பார்க்கிறான். நேற்று என் கையைப் பிடித்து இழுத்துப் போய் எங்கள் வாசல் கிராதியின் கம்பிகளை எண்ண வைத்தான். 34. அவன் எண்ணி முடிக்கும் வரை நானும் நின்றேன், நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பெயரும் ஊரும் மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அட்டை எண் எதுவும் வேண்டாம்.

கானாடுகாத்தான் தம்பி
என் பெயரைப் போடுங்கள் ஆச்சி. அட்டை இல்லாதவர்களும் இதைக் கேட்கிறோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேவகோட்டை வாசகர்
என் பெயரும். கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது அம்மா. சந்தேகம் வந்து மேலே ஏதாவது கேட்க வேண்டுமென்றால், வரிசை முன்னால் நிற்க வைத்துக் கேட்கக் கூடாது. உள்ளே ஓர் அறையில், கதவைச் சாத்திவிட்டுக் கேட்கட்டும்.